பழுதுப் பலகை இல்லாத வீடு

படிவத்தில் ஏழு கேள்விகள் இருந்தன. ஆறுக்கு லிஃப்ட்காரர் தாமே பதில் எழுதிவிட்டார். லிஃப்ட் எந்த ஆண்டு பொருத்தப்பட்டது, எத்தனை பேர் ஏறலாம், இரும்புக் கயிறு கடைசியாக மாற்றியது எப்போது, பராமரிப்பு யார் பொறுப்பு என்பதற்கெல்லாம் அவர் எந்தக் காகிதத்தையும் புரட்ட வேண்டியதில்லை. எழுத்துகள் ரசமட்டம் வைத்துப் பார்த்ததுபோல நேராக நின்றன. ஏழாவதில் பேனா நின்றுவிட்டது.

ஆங்கிலம் அவருக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. மோட்டார் கையேடுகளை நாற்பது வருஷமாக வரி விடாமல் படித்தவர். ஆனால் அது இயந்திரத்தைப் பற்றிய ஆங்கிலம். இந்த ஏழாவது கேள்வியில் 'பிராட் அபௌட்' (brought about) என்று இரண்டு சொற்கள் அக்கம்பக்கமாக உட்கார்ந்திருந்தன. தனியாகப் பார்த்தால் ஒன்று 'கொண்டுவந்தது' என்றது. மற்றது 'பற்றி' என்றோ 'சுற்றி' என்றோ சொன்னது. சேர்த்துப் பார்த்தால் ஒன்றும் சொல்லவில்லை. விபத்து என்ற சொல் மட்டும் கடைசியில் தெளிவாகத் தெரிந்தது.

மாடியில் மகள் இருந்தாள். மாலை வேளைகளில் கடைச் சிப்பந்திகளுக்கும் நர்ஸுகளுக்கும் ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பவள். கூப்பிட்டால் இறங்கி வருவாள். ஆனால் ஒரு காகிதத்துக்கு அர்த்தம் கேட்டு இன்னொருவர் முன் நிற்பது அவருக்குப் பழக்கமில்லாத காரியம். அது பெற்ற மகளாக இருந்தாலும் சரி. பேனாவை மூடி வைத்தார்.

அவருடைய அப்பா தொடங்கிய தொழில் அது. அவர்கள் பார்த்துக்கொள்ளும் லிஃப்ட் ஒவ்வொன்றிலும், பொத்தான்களுக்கு மேலே, உள்ளங்கை அகலத்தில் ஒரு பித்தளைத் தகடு இருக்கும். அதில் குடும்பத்தின் பெயர். இருபத்திரண்டு கட்டடங்களில் இருபத்திரண்டு தகடுகள். மாதம் ஒருமுறை எண்ணெய் போடப் போகிறவன் முதலில் தகட்டைத் துடைத்துவிட்டுத்தான் மோட்டார் அறைக்கு ஏற வேண்டும். அந்தத் தகடு இருக்கும் லிஃப்டில் 'பழுது' என்று பலகை தொங்கக் கூடாது. வீட்டுச் சட்டம் அது. மற்ற கம்பெனிக்காரர்கள் பலகையை மாட்டிவிட்டு, சாமான் வரவில்லை என்று வாரக்கணக்கில் கையை விரிப்பார்கள். லிஃப்ட்காரர் வீட்டில் அப்படியொரு பலகையே கிடையாது. பெயரைப் பித்தளையில் வெட்டி வைத்திருக்கும் குடும்பம் அதற்குக் கீழே அட்டையில் மன்னிப்புக் கேட்காது என்பார்.

பலகை இல்லாமல் எப்படிச் சமாளித்தார்கள் என்றால், பாலம் போட்டுச் சமாளித்தார்கள்.

லிஃப்டின் கம்பிக் கதவு முழுதாக மூடினால்தான் அதன் மேலிருக்கும் சின்ன சுவிட்ச் சேரும். சேர்ந்தால்தான் மோட்டார் இழுக்கும். கதவு திறந்திருந்தால் எந்த மாடியில் யார் பொத்தானை அழுத்தினாலும் பெட்டி அசையாது. அந்த சுவிட்ச் தளர்ந்துபோனால் லிஃப்ட் ஓடும்போதே நின்று நின்று போகும். அப்போது மொட்டைமாடி மோட்டார் அறையில், பேனலின் இரண்டு முனைகளை ஒரு சாண் சிவப்பு வயரால் இணைத்துவிட்டால் போதும். கதவு மூடியிருக்கிறது என்று மோட்டார் நம்பிக்கொள்ளும். திறந்து கிடந்தாலும் அப்படியே நம்பும். அதற்குத்தான் அவர்கள் பாலம் என்று பெயர் வைத்திருந்தார்கள். புது சுவிட்ச் வரும்வரை இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று நாள்.

ஆபத்து என்று தெரியாமல் இல்லை. அதற்காகவே அவருடைய அப்பா ஒரு வழக்கம் வைத்திருந்தார். பாலத்துக்கு வயர் வெட்டினால் இரண்டு துண்டாக வெட்ட வேண்டும். ஒன்று பேனலுக்கு. மற்றதை, பாலம் போட்டவன் தன் மணிக்கட்டில் முறுக்கிக்கொள்ள வேண்டும். பாலத்தை எடுத்த பிறகுதான் அதை அவிழ்க்கலாம். சாப்பிடும்போது கண்ணில் படும், குளிக்கும்போது உறுத்தும், மறக்க விடாது. லிஃப்ட்காரரின் இளமையில் அந்த வயர் முள்ளாகக் குத்தியது. ஒரு பாலத்துக்கு மேல் ஒரே நேரத்தில் அவர் கையில் இருந்ததில்லை.

மகன் காலத்தில் சாமான் வருவது தாமதமாயிற்று. ஒரு வயர் இரண்டாயிற்று, இரண்டு நாலாயிற்று. நாலு வயர் ஒரே கையில் கிடந்தால் எது எந்தக் கட்டடத்துடையது என்று கைக்கே தெரியாது. அவனும் பழகிப்போனான். ஒருநாள் சாப்பிடும்போது, "என்னடா தம்பி, என் கையில இருக்கிறதைவிட உன் கையிலதான் வளையல் ஜாஸ்தி" என்று அக்கா கிண்டல் செய்தாள். லிஃப்ட்காரரும் சிரித்தார். நாலு வயர் என்றால் பலகை தொங்காத நாலு லிஃப்ட் என்றுதான் அவர் கண்ணுக்குத் தெரிந்தது.

நாலாவது வயர் போடுவதற்கு முன்னால் மகன் தொலைபேசியில் கேட்டிருந்தான். ஐந்து மாடி அலுவலகக் கட்டடத்தில் சுவிட்ச் தளர்ந்துவிட்டது, புதிது வர ஒரு வாரமாகும், நிறுத்திவிட்டுப் பலகை மாட்டட்டுமா என்று. "நம்ம லிஃப்ட்லயா?" என்று மட்டும் கேட்டுவிட்டு அவர் வைத்துவிட்டார்.

அங்கே பாலம் போட்ட நாலாம் நாள் காலை, பதினோரு மணிக்கு, அது நடந்தது. மூன்றாம் மாடியில் துப்புரவு வேலை செய்யும் அம்மாள் சக்கரம் வைத்த தண்ணீர்த் தொட்டியைக் கீழே கொண்டுபோக வேண்டும். கட்டடத்துக் காவலாளிதான் லிஃப்டும் ஓட்டுவார். பெரிய மீசை வைத்திருந்ததால் எல்லாருக்கும் அவர் கர்னல். பெட்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, கதவைத் திறந்துவைத்துவிட்டு, தொட்டி கனமாக இருக்கிறதே என்று வெளியே வந்து ஒரு கை கொடுத்தார். அம்மாள் பின்பக்கமாக நடந்தபடி இழுத்தாள். கர்னல் மறுபக்கமிருந்து தள்ளினார். குனிந்த தலைகள் இரண்டும் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில், ஐந்தாம் மாடியில் யாரோ பொத்தானை அழுத்தினார்கள். கதவு திறந்திருக்க, பெட்டி சத்தமில்லாமல் மேலே போய்விட்டது. அம்மாள் பெட்டிக்குள் வைப்பதாக நினைத்து ஒரு அடி பின்னால் வைத்தாள்.

லிஃப்ட்காரரின் பட்டறை இரண்டு தெரு தள்ளி. போலீஸுக்கு முன்னால் அவர் வந்துவிட்டார். மகன் படிக்கட்டில் சுவரோடு சுவராக நின்றிருந்தான். அவர் ஒன்றும் கேட்கவில்லை. சட்டைப் பையிலிருந்து கட்டர் எடுத்து அவன் கையிலிருந்த நாலாவது வயரை வெட்டினார். அறுபத்தெட்டு வயதில் ஐந்து மாடி ஏறினார். பேனலிலிருந்த பாலத்தை உருவி, இரண்டு துண்டையும் மூக்குக்கண்ணாடிக் கூட்டில் வைத்து மூடினார். ஏறியது அவர் கால்கள்தான். ஏற்றியது அவருடைய அப்பாவின் பெயர் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

பிற்பகலில் விசாரணை அதிகாரி சோதித்தபோது தளர்ந்த சுவிட்ச் அந்த நேரம் பார்த்து ஒழுங்காகவே வேலை செய்தது. கதவைத் திறந்துவைத்து எல்லா மாடியிலும் பொத்தானை அழுத்திப் பார்த்தார். பெட்டி அசையவில்லை. அப்படியானால் பெட்டி அங்கே இருந்து நகர்ந்தது என்று காவலாளி சொல்வது பொய். பெட்டி இல்லாத கதவை அவர்தான் தம்மிடமிருந்த அவசரச் சாவியால் திறந்து, பார்க்காமல் தள்ளியிருக்கிறார். அதிகாரிக்கு இதில் குழப்பம் இல்லை. லிஃப்ட் பராமரிப்பாளரின் அறிக்கை ஒன்று மட்டும் பாக்கி. அதுதான் இந்தப் படிவம்.

ஒன்பதாம் நாள், படிவம் பாதியில் நின்ற அன்று நண்பகலில் கர்னலே வந்தார். சீருடை இல்லாமல் அவரை லிஃப்ட்காரர் பார்த்ததில்லை. யாரோ சாமான் கொண்டுவந்த ஆள் என்றுதான் முதலில் நினைத்தார். மாதாமாதம் எண்ணெய் போடப் போகும்போது விறைப்பாக ஒரு சலாம் வைத்து, "நான் மேல போறதே உங்க தயவுலதான் ஐயா" என்று சிரிக்கும் மனிதர். இன்றும் சலாம் வைத்தார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

நாளை பத்து மணிக்குப் போய் வாக்குமூலம் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். என்ன எழுதுவது என்று தெரியவில்லையாம். ஒன்பது நாளாக யோசித்து யோசித்து, எது நடந்தது, எது தாமாக நினைத்துக்கொண்டது என்று பிரிக்க முடியவில்லையாம்.

"கதவு திறந்திருந்தா நகராதுன்னு முப்பது வருஷத்துக்கு முன்னாடி நீங்கதான் எனக்குக் காட்டினீங்க. அதை நம்பித்தான் வெளியே வந்தேன். பெட்டி இருந்துச்சுன்னு என் கண்ணு சொல்லுது. ஆனா ஆபீசர் என் முன்னாடியே செஞ்சு காட்டினாரு, நகரல. அப்ப என் கண்ணுதான் தப்பு. நானே சாவி போட்டுத் திறந்திருப்பனா ஐயா? நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னா அதுதான் சரியா இருக்கும். அப்படியே எழுதிக் கொடுத்துடறேன்."

லிஃப்ட்காரர் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "நீ போ. அறிக்கைல எல்லாம் வரும்" என்றார். கர்னல் மறுபடி சலாம் வைத்துவிட்டுப் போனார். வாசலில் செருப்பு மாட்டத் தடுமாறும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

அதற்குப் பிறகு அவர் ஒரு தாளில் தமிழில் மூன்று வரி எழுதினார். கதவு திறந்திருந்தால் இந்த லிஃப்ட் நகராத வகையில் செய்யப்பட்டது. கதவின் அவசரச் சாவி காவலாளியிடம் இருந்தது. தொட்டியைத் தள்ளியவர் காவலாளி. படித்துப் பார்த்தார். ஒன்றிலும் பொய் இல்லை. பொய் எழுதும் குடும்பமல்ல அது. மகளைக் கூப்பிட்டு, இதை ஆங்கிலத்தில் மாற்றிக்கொடு, ஏழாவது கேள்விக்கு என்றார்.

அவள் தாளைப் படித்தாள். படிவத்தைப் படித்தாள். மறுபடி தாளைப் படித்தாள்.

"இது பதில் இல்லப்பா."

"எது தப்பு?"

"மூணும் சரியாத்தான் இருக்கு. ஆனா அவங்க கேட்டது இதை இல்ல."

அப்படியானால் அந்த இரண்டு வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். கேட்கும்போதே குரலில் ஒரு விறைப்பு வந்தது. அவள் வகுப்பில் சொல்வதுபோலவே நிதானமாகச் சொன்னாள். ஒருவன் கை பட்டுக் கோப்பை உடைந்தால் அந்தச் சொல்லைப் போட மாட்டார்கள். அது நேரே தட்டிவிட்ட கையைப் பற்றிய சொல் இல்லை. பின்னாலிருந்துகொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக, ஒன்று வருவதற்கு வழி செய்து கடைசியில் அதை நடக்க வைப்பதற்குத்தான் போடுவார்கள். நல்லதற்கும் போடலாம், கெட்டதற்கும் போடலாம். ஒரு சட்டம் வந்து ஜனங்களின் பிழைப்பையே மாற்றிவிட்டால் போடலாம்.

"ஒருத்தரோட பிடிவாதம் ஒரு வீட்டை அழிச்சுதுன்னா போடலாம்" என்றாள். வகுப்பில் எப்போதும் சொல்லும் உதாரணம்போல அது வாயில் வந்துவிட்டது. வந்த பிறகு இரண்டு பேருமே அதைக் கேட்டார்கள்.

அவள், "யார் தள்ளினாங்கன்னு அவங்க கேக்கல. எது இதை நடக்க வச்சுதுன்னு கேக்கறாங்க" என்றாள்.

"அதை நீ தெரிஞ்சுக்க வேண்டியதில்ல. எழுதச் சொன்னதை எழுது."

அவள் பேனாவைத் தொடவில்லை. பின்கட்டு அறையைப் பார்த்தாள். அங்கே தம்பி ஒன்பது நாளாக இந்தப் புழுக்கத்திலும் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இரண்டு வேளைச் சாப்பாட்டை அவள்தான் உள்ளே கொண்டுபோய் வைத்தாள்.

"நேத்து தட்டை எடுக்கறப்ப அவன் கையைப் பாத்தேன். நாலு இருந்துச்சு. மூணுதான் இருக்கு. நாலாவது எங்க போச்சுன்னு நான் கேக்கலப்பா." குரல் தாழ்ந்தது. "மத்த மூணு இன்னும் ஓடிக்கிட்டுத்தானே இருக்கு?"

மூன்று பாலங்களும் லிஃப்ட்காரர் நினைவில் இல்லாமல் இல்லை. விபத்து நடந்த அதே வாரத்தில் தம்முடைய மூன்று லிஃப்டுகள் நின்றால் ஊர் என்ன பேசும் என்று முதல் நாளே ஒரு கணம் நினைத்தார். அப்புறம் நினைக்காமல் இருந்துவிட்டார். ஒன்பது நாள்.

மகனைக் கூப்பிட்டார். அவன் வந்து வாசற்படியோரம் நின்றான்.

"ஏண்டா எடுக்கல?"

"நீங்க எடுக்கச் சொல்லல."

"போடவும் நான் சொல்லலையே."

மகன் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தான். முகத்தில் கோபம்கூட இல்லை. "பலகை மாட்டட்டுமான்னு கேட்டேன். நம்ம லிஃப்ட்லயான்னீங்க. அதுக்கப்புறம் நான் என்ன செய்வேன்னு உங்களுக்குத் தெரியாதாப்பா?"

தெரியும். கடிகார முள் அடுத்து எங்கே போகும் என்று தெரிவதுபோலத் தெரியும். 'போடு' என்ற அந்த ஒரு வார்த்தையைத் தாம் வாயால் சொல்லாமல் இருந்ததை இத்தனை நாள் ஒரு கௌரவமாக அவர் உள்ளே வைத்திருந்தார். அதை இப்போது மகள் முன்னால் மகன் எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டான்.

அவர் எழுந்து பட்டறைக்குப் போனார். மோட்டார் சாமான் வந்த அட்டைப் பெட்டி ஒன்றின் மூடியைக் கத்தியால் மூன்றாக அறுத்தார். தகட்டுக்கு எழுத்து வரைந்து கொடுக்கும் அதே கையால், பெயிண்ட் தொட்டு, மூன்றிலும் 'பழுது' என்று எழுதினார். முதல் அட்டையில் கை பழகவில்லை, 'ழு' கோணிக்கொண்டது. ஒன்றைப் பள்ளிக்கூடத்துக்கும் ஒன்றைத் துணிக்கடைக்கும் மகனிடம் கொடுத்தனுப்பினார். மூன்றாவதை எடுத்துக்கொண்டு தாமே கண் ஆஸ்பத்திரிக்குப் போனார்.

அங்கே லிஃப்ட் கீழ்த்தளத்தில் நின்றிருந்தது. கதவு திறந்திருந்தது. கண் இரண்டிலும் கட்டுப் போட்ட ஒருவரை அவர் மனைவி தோளைப் பிடித்து நடத்தி வந்துகொண்டிருந்தாள். "இன்னும் ரெண்டு அடிதான், வாங்க. தைரியமா காலை வைங்க" என்று சொன்னாள். லிஃப்ட்காரர் ஓடினார். அவர் ஓடி அந்தத் தெருவில் யாரும் பார்த்ததில்லை. இரண்டு கையையும் விரித்துக் கதவை மறித்து நின்றார். அந்தப் பெண் பயந்துபோய், யாரய்யா நீ என்றாள். அவருக்கு மூச்சு வாங்கியது. அட்டையை எடுத்துக் கதவில் மாட்டினார். பித்தளைத் தகட்டின் நேர் முன்னால் அது தொங்கியது. வரிசையில் நின்றிருந்த யாரோ, "இவங்க லிஃப்ட்கூட நிக்குமா?" என்று கேட்டுவிட்டு மாடிப்படியைப் பார்த்து நடந்தார்கள். மோட்டார் அறைக்கு ஏறிப் பாலத்தை உருவினார்.

சாயங்காலம் மூன்று பேரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். மகனின் கை வெறுமையாக இருந்தது. லிஃப்ட்காரர் தமிழில் சொல்லச் சொல்ல மகள் ஆங்கிலத்தில் சொன்னாள். அவர் தம் கையாலேயே படிவத்தில் எழுதினார். தம் லிஃப்டுகளில் பழுதுப் பலகை தொங்கக் கூடாது என்று தாம் வைத்திருந்த சட்டமே இந்த மரணத்தை நடக்க வைத்தது. அதற்காகக் கதவு சுவிட்சைக் கடந்து வயர் போடும் வழக்கம் தம் நிறுவனத்தில் இருந்தது. விபத்துக்குப் பின் அந்த வயரை அகற்றியது தாம். காவலாளி கண்டது உண்மை.

அத்தோடு முடித்துக் கையெழுத்துப் போடப் போனார். மகன், "வயர் போட்டது நான்னும் எழுதுங்க" என்றான்.

"வேண்டாம்."

"எழுதுங்கப்பா. இல்லேன்னா இதுவும் அந்த மூணு வரி மாதிரிதான்."

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். தகப்பன் எழுதினார். மகனின் பெயரை அவர் எத்தனையோ தடவை எழுதியிருக்கிறார், பள்ளிக்கூடத்தில் சேர்த்த நாளிலிருந்து. இந்த ஒருமுறைதான் எழுத்து வரியை விட்டு இறங்கியது.

மறுநாள் பத்து மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது விசாரணை அலுவலகத்துக்குப் போனார்கள். கர்னல் அவர்களுக்கு முன்பே வந்திருந்தார். தாழ்வாரத்து பெஞ்சில், சலவை செய்த சீருடையில், மடியில் ஒரு தாளோடு உட்கார்ந்திருந்தார். பார்த்ததும் எழுந்து சலாம் வைத்தார். தாளை நீட்டினார். சரியாக இருக்கிறதா என்று லிஃப்ட்காரர் ஒருமுறை பார்த்துவிட வேண்டுமாம். பக்கத்து வீட்டுப் பையனிடம் சொல்லி எழுத வைத்திருந்தார். எனக்குச் சரியாக நினைவில்லை, நானே திறந்திருக்கக்கூடும், என் கவனக்குறைவால் ஒரு உயிர் போயிற்று என்று இருந்தது. கீழே கையெழுத்தும் போட்டாகிவிட்டது.

லிஃப்ட்காரர் அந்தத் தாளை நாலாக மடித்துத் தம் பையில் வைத்துக்கொண்டார். கண்ணாடிக் கூட்டைத் திறந்து இரண்டு சிவப்பு வயர்த் துண்டுகளையும் எடுத்துக் காட்டினார்.

"பெட்டி அங்கதான் இருந்துச்சு. நீங்க பாத்தது சரி." முப்பது வருஷத்தில் கர்னலை அவர் 'நீங்க' என்றது அதுதான் முதல் தடவை. "கதவு திறந்தும் அது நகந்துச்சு. நகர வச்சது நாங்க. உங்களுக்குத் தெரியாம மறைச்சதும் நாங்கதான்."

கர்னலுக்குப் புரிய நேரமாயிற்று. வயரைப் பார்த்தார். மகனின் வெறும் மணிக்கட்டைப் பார்த்தார். அங்கே வெயில் படாத நாலு வெளுப்புக் கோடுகள் இருந்தன. மெதுவாக பெஞ்சில் உட்கார்ந்தார். கோபப்படுவார், அடிப்பார்கூட என்று லிஃப்ட்காரர் எதிர்பார்த்திருந்தார். அது வந்திருந்தால் வாங்கிக்கொள்ள முதுகை நிமிர்த்தி வைத்திருந்தார்.

"அந்த அம்மா கீழ போறப்ப என்னைத்தான் பாத்துச்சு" என்றார் கர்னல். "நீ ஏன் தள்ளினேன்னு கேக்கிற மாதிரி. அதை நீங்க எழுத முடியாதுல்ல."

உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். லிஃப்ட்காரரும் மகனும் படிவத்தோடு எழுந்தார்கள். கதவருகே போய் அவர் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். கர்னல் எழுந்திருக்கவில்லை. சலாம் வைக்கும் கை தொடையின்மேல் அப்படியே கிடந்தது.